விவசாயியின் பஞ்சாங்கமும் நமது பேரேடும்

நமது பேரேட்டில் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. நம் கடைக்கு வரும் விவசாயியின் ஆண்டு அப்படி முடிவதில்லை. அது ஆவணியில் விதை தேடுவதில் தொடங்கி, சித்திரையில் கடைசிப் பறிப்பு காய்ந்து மூட்டையாவதில் முடிகிறது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையில் உள்ள சில வாரங்களில்தான் கடைக்காரரும் நஷ்டப்படுகிறார், விவசாயியும் நஷ்டப்படுகிறார். விருதுநகரில் வத்தல், மல்லி, பயறு மொத்த வியாபாரம் செய்துவரும் எனக்கு, இந்த உண்மை சொந்தக் கைப்பணம் போன பிறகுதான் விளங்கியது. கிராமத்து வாடிக்கையை நம்பிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இரண்டரை ஏக்கர் முதல் ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ளவரைச் சிறு விவசாயி என்கிறது அரசாங்கம். அதற்கும் குறைந்தவர் குறு விவசாயி. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் உள்ள பண்ணைகளில் 100-க்கு 86 இந்த இரண்டு வகையில் அடங்கியவை. ஆக, நம் கடை வாசலில் நிற்கும் விவசாயி பெரும்பாலும் சிறு விவசாயிதான்.

கமுதிப் பக்கத்தில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். நாலு ஏக்கர் மானாவாரி. இரண்டு ஏக்கரில் குண்டு மிளகாய், கண்மாய்க்கு அடுத்த ஒரு ஏக்கரில் நெல், மீதியில் மல்லியும் உளுந்தும். இரண்டு பசு, பத்துப் பன்னிரண்டு வெள்ளாடு. கணவன், மனைவி, வயதான தாயார், படிக்கும் பிள்ளைகள் இருவர்.

பன்னிரண்டு மாத வேலை

வைகாசி, ஆனியில் நிலம் சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்போதுதான் கோடை உழவு, ஆட்டுக்கிடை போடுதல், கண்மாய் வண்டல் அடித்தல் எல்லாம். இடைப்பட்ட நாளில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் கொஞ்சம் காசு பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் இந்தச் சமயத்தில்தான் வரும்.

ஆவணி, புரட்டாசியில் விதையும் உரமும் வாங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பு. ஐப்பசியில் மழை ஏமாற்றினால் மறுவிதைப்பு; அதிகமாகப் பெய்தால் வேர் அழுகல். எப்படியானாலும் செலவு உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை களை எடுப்பு, மேலுரம், மருந்து. தீபாவளியும் இதற்குள்ளே வந்துவிடும். இந்த மூன்று மாதமும் பணம் வெளியே போகுமே தவிர உள்ளே வராது. நம் கடைச் சிட்டையில் அவர் பெயருக்கு நேரே பற்று ஏறுவதும் இப்போதுதான்.

உளுந்து 65 முதல் 75 நாள் பயிர். மார்கழி, தையில் கைக்கு வந்துவிடும். அடுத்து நெல், அதன் பின் மல்லி. இந்தப் பணம் பொங்கலுக்கும் அறுப்புக் கூலிக்கும் சரியாகப் போகும். கடனை அடைக்கும் பயிர் மிளகாய்தான். அது மாசியில் பழுக்கத் தொடங்கி, சித்திரை வரை பல பறிப்பாக வரும்.

ஒரு நாள் வேலை

மாசி, பங்குனியில் அந்த வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் நாம் கடை திறக்கும் நேரம் மிகவும் தாமதமாகத் தெரியும். நாலு மணிக்கு எழுந்து மனைவி பால் கறக்கிறார். பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகிறது. வெயில் ஏறுமுன் பறிப்பு. பறித்த பழத்தை ஓர் இரவு குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல் ஏறும். மறுநாளிலிருந்து களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். அந்தியில் பனிக்கு முன் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். காலையில் மறுபடி பரப்ப வேண்டும். நல்ல வெயில் இருந்தாலும் நன்றாகக் காய பத்து நாளுக்கு மேல் ஆகும். களத்தில் காவலுக்கு இருப்பவர் அந்தத் தாயார்தான். கோழியும் ஆடும் அவரை உட்காரவே விடுவதில்லை.

நூறு கிலோ பழம் காய்ந்தால் சுமாராக 25 முதல் 30 கிலோ வத்தல்தான் தேறும். பறிப்புக் கூலி பழத்துக்குக் கொடுக்க வேண்டும். விலை வத்தலுக்குத்தான் கிடைக்கும். பறிப்புக்கும் விற்பனைக்கும் நடுவில் உள்ள அந்தப் பத்துப் பதினைந்து நாளும் கூலியைக் கைப்பணத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் குடும்பத்துக்கு நான் உரத்துக்கும் வீட்டுச் செலவுக்கும் முன்பணம் கொடுத்திருந்தேன். மார்ச் மாதம் பாதி ஆயிற்று. கணக்கு முடிக்க வேண்டுமே என்று ஆள் விட்டு, "இருபதாம் தேதிக்குள் வத்தலைக் கொண்டுவந்து பற்றை நேர் செய்யவும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். அவர் சொன்ன தேதிக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, இன்னும் ஒரு வாரம் வெயில் பாத்தா நல்லா இருக்கும். நீங்க சொல்லிட்டீங்கன்னு அள்ளிட்டு வந்துட்டேன்" என்றார்.

நான் ஒரு கை எடுத்துக் காதருகே ஆட்டினேன். நன்றாகக் காய்ந்த குண்டு வத்தலில் விதை கலகலவென்று பேசும். இது பேசவில்லை. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நானோ ஈரத்துக்கு விலையைக் குறைத்து, பற்றில் வரவு வைத்து, மூட்டையைக் கிட்டங்கியில் அடுக்கினேன். கணக்கு முடிந்தது என்று திருப்தி.

வைகாசியில் மூட்டையைப் பிரித்தால் நடுவெல்லாம் பூசணம். பக்கத்து மூட்டைகளிலும் பிடித்திருந்தது. பூசணம் பிடித்த வத்தலில் நச்சு உண்டாகும். அதைப் பொடியில் கலந்து தள்ளிவிடுவது பாவம். குழி வெட்டிப் புதைத்தேன். அவருக்கும் லாபம் இல்லை. ஒரு வாரம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் விலை போயிற்று. வட்டிக்கு வாங்கித்தான் கடைசிப் பறிப்புக் கூலி கொடுத்தார். அடுத்த ஆண்டு அவர் வத்தல் என் கடைக்கு வரவில்லை. நானே வீட்டுக்குப் போய்ப் பேசி, மறுபடி வரவழைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

நாம் செய்யக் கூடியவை

ஒன்று: விவசாயி வாடிக்கைக்குத் தவணையை மார்ச்சில் வைக்காமல் சித்திரைக் கடைசியில் வையுங்கள். மார்ச் 31-ல் வர வேண்டிய பாக்கி, பாக்கியாகவே பேரேட்டில் நிற்கலாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. பால் பணம் வரும் நாளில் சிறு தொகை வாங்கிக்கொண்டால் பற்று மலை போல் ஏறாது.

இரண்டு: சரக்கை அவர் பஞ்சாங்கம் பார்த்து வாங்கி வையுங்கள். மாசி பிறக்குமுன் தார்ப்பாய், சாக்கு, சணல், கோணி ஊசி நம் கடையில் இருக்க வேண்டும். ஒரு நல்ல தார்ப்பாயைக் கடனாகக் கொடுப்பது நம் வத்தலை நாமே காப்பாற்றிக் கொள்வதுதான்.

மூன்று: கடனையும் கொள்முதலையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். அன்றைய சந்தை விலை என்னவோ அதைச் சொல்லி வாங்குங்கள். பற்றைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். விலை தெரியாதவன் என்று நினைத்தால் ஏமாறுவது நாம்தான். இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது.

நான்கு: விலை இறங்கிய நேரத்தில் அவசரமாக விற்க வேண்டாம் என்று நாமே சொல்லலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதி உண்டு. பரமக்குடி அருகே எட்டிவயலில் குளிர்பதனக் கிடங்கும் இருக்கிறது. 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையை இன்னும் வாங்காதவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்வதால் நமக்கு வரும் வத்தல் ஒரு மாதம் தள்ளி வரும்; ஆனால் காய்ந்து வரும்.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மதிப்பு கிடைப்பது களத்தில் அந்தத் தாயார் கிளறிவிடும் கையால். அதைக் கெடுப்பது நம்முடைய அவசரமாக இருக்கக் கூடாது.

அந்தக் குடும்பத்தின் மூத்த பையன் இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான். இளையவன் நிலத்தைப் பார்ப்பானா என்று தெரியாது. நாலு ஏக்கரும் தரிசு ஆகிவிட்டால் எனக்கு வத்தல் வராது. அந்த ஊர் மளிகைக் கடைக்கு ஒரு வாடிக்கையும் குறையும். ஆகவே வணிகப் பெருமக்களே, அடுத்த மாசி மாதம் பாக்கி கேட்டு ஆள் அனுப்புமுன், ஒரு நாள் நீங்களே போய்க் களத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு கை வத்தலை எடுத்து ஆட்டிப் பாருங்கள். அது பேசிய பிறகு நாம் பேசலாம்.