விமானத்துக்குக் கை பழக்குதல்

நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து தானே–பேலாப்பூர் சாலையில் வடக்கே போனால் மஹாபே தொழிற்பேட்டை வரும். ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்தவர்கள் 2007-இல் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. ‘3 இடியட்ஸ்’ படத்தில் வரும் சின்னக் குவாட்காப்டரைச் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். பிறகு செங்குத்தாக எழும்பி, மேலே போனதும் இறக்கையால் பறக்கும் ‘ஸ்விட்ச்’ விமானத்தைச் செய்தார்கள். 2021 ஜனவரியில் இந்தியத் தரைப்படை அதற்கு ஆர்டர் கொடுத்தது.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தெர்மோகோலையும் ஃபோம் போர்டையும் வெட்டி ஒட்டி அழகாக விமானம் கட்டுகிறார்கள். ஃப்ளைட் கன்ட்ரோலருக்குள் எண்களைப் போடும்போதுதான் தடுமாறுகிறார்கள். வேறு யாரோ தன் விமானத்துக்குப் போட்ட எண்களை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிற கதைதான் இது.

ஃப்ளைட் கன்ட்ரோலர் என்பது தீப்பெட்டி அளவே உள்ள ஒரு மின்னணுப் பலகை. அதில் ஒரு ஜைரோ இருக்கிறது. விமானம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை நொடிக்குப் பல நூறு முறை அது அளக்கிறது. அதைப் பார்த்துப் பலகை, இறக்கையிலுள்ள எய்லரானையும் வாலிலுள்ள எலிவேட்டரையும் அசைக்கும் சர்வோக்களுக்குக் கட்டளை அனுப்புகிறது. எவ்வளவு அசைக்க வேண்டும் என்று சொல்பவைதான் அந்த எண்கள்.

இந்த எண்களின் வேர் கடலில் இருக்கிறது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தானாகத் திருப்பும் முறையை ஆராய்ந்து 1922-இல் ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த சுக்கான்காரர் கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்கிறார். இந்த மூன்று கவனிப்புகளும்தான் பி, ஐ, டி என்ற மூன்று எண்கள். பி இப்போதைய பிழையைத் திருத்தும். பேட்டரி சற்று ஒரு பக்கமாக உட்கார்ந்து விமானம் விடாமல் அந்தப் பக்கமே சாய்ந்தால், ஐ மெல்ல மெல்லச் சேர்ந்து அதைச் சரிசெய்யும். திருத்தம் எல்லை மீறிப் போகாமல் டி பிடித்து நிறுத்தும்.

இறக்கை விமானத்தில் நான்காவதாக ஃபீட் ஃபார்வர்டு என்று ஒன்று உண்டு. என் கணக்கில் இதுதான் முதலாவது. எய்லரானை ஓர் அளவுக்குத் திருப்பி அப்படியே வைத்தால் விமானம் ஒரு சீரான வேகத்தில் உருளும். அதற்கு மேல் வேகம் கூடவிடாமல் இறக்கையின் மேல் படும் காற்றே தடுத்துவிடும். ஆகவே இவ்வளவு வேகமாக உருள வேண்டுமென்றால் இவ்வளவு திருப்பு என்று, பிழை வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே சொல்லிவிடலாம். குவாட்காப்டருக்குக் காற்றின் இந்த உதவி இல்லை. குவாட்காப்டரில் கை தேர்ந்தவர்கள் விமானத்திலும் பி-யை ஏற்றிக்கொண்டே போவது இதனால்தான் பிசகுகிறது.

அடுத்தது வேகம். விமானத்தின் வேகம் இரட்டித்தால் எய்லரானில் காற்று தரும் விசை நான்கு மடங்காகும். மெதுவாகப் பறக்கும்போது நன்றாக இருந்த எண்கள், வேகமெடுத்ததும் இறக்கையை நடுங்க வைப்பது இதனால்தான். பிட்டோ குழாய் பொருத்தினால் பலகை காற்றுவேகத்தை அளந்து, வேகம் கூடக் கூடத் திருப்பலைத் தானே குறைத்துக்கொள்ளும். நடுக்கம் வந்தால் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள். இறங்கிய பிறகு பி-யையும் டி-யையும் இறக்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், வீட்டில் கட்டில் மேல் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். கன்ட்ரோலரை, விமானத்தைத் தானே நேராக்கும் மோடில் வையுங்கள். விமானத்தை வலப்பக்கம் சாயுங்கள். வலது எய்லரான் கீழும் இடது எய்லரான் மேலும் போக வேண்டும். மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் கீழே இறங்க வேண்டும். மாறி நடந்தால், அந்தப் பலகை உங்கள் விமானத்தை நேராக்குவதாக நினைத்துக்கொண்டு கவிழ்த்துவிடும். ஈர்ப்பு மையம் பின்னால் போயிருந்தாலும் அப்படித்தான், எந்த எண்ணும் காப்பாற்றாது.

இவை சரியாக இருந்தால் மீதியை ஆர்டுபைலட் மென்பொருளின் ஆட்டோட்யூன் பார்த்துக்கொள்ளும். நல்ல உயரத்தில் ரிமோட்டின் குச்சியை முழுக்க இடம், முழுக்க வலம் என்று இருபது முறை போலத் தள்ள வேண்டும். விமானம் எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்த்து, அது ஃபீட் ஃபார்வர்டைக் கணக்கிடும். பிறகு டி-யையும் பி-யையும் நடுக்கம் எட்டும்வரை ஏற்றிப் பார்த்துச் சற்று இறக்கி வைக்கும். அடுத்து எலிவேட்டருக்கும் இதே போல. காற்று அடங்கிய காலை வேளைதான் இதற்கு ஏற்றது.

ஆனால் சான்பாடா மைதானத்தில் இதைச் செய்யாதீர்கள். நவி மும்பை விமான நிலையத்தில் 2025 டிசம்பர் முதல் விமானங்கள் வந்து போகின்றன. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும். அதற்கும் உள்ளே தரையிலிருந்தே அனுமதி வேண்டும். அவ்வப்போது காவல்துறைத் தடைகளும் வரும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக உள்ள இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள்.