கழுக்குன்றப் படிகளும் கயிலாயப் பாதையும்

செங்கற்பட்டிற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே விளங்கும் திருக்கழுக்குன்றத்தில், அருள்மிகு வேதகிரீசுவரரைத் தரிசிக்க 500-க்கும் மேற்பட்ட படிகளை ஏறும் அன்பர்களுக்கு மூச்சு வாங்குவது இயல்பே. சற்று அமர்ந்தால் தணிந்துவிடும். இக்குன்றின் உச்சியிலும் காற்று ஏறக்குறையக் கடற்கரையில் உள்ளது போன்றதே.

திருக்கயிலாய யாத்திரையில் நிலை வேறு. மானசரோவர் ஏரி சுமார் 4,590 மீட்டர் உயரத்தில் உள்ளது; கயிலைக் கிரிவலப் பாதையின் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். அக்கணவாயில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அவ்வாறே குறைகிறது. ஆதலால் அமர்ந்திருப்பவருக்கும் மூச்சு விரைவாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உறக்கம் கெடுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும்.

படிகளை விரைந்தேறிப் பழகிய இளைஞர்கள் தமக்கு இத்துன்பம் வாராது எனக் கருதுவதுண்டு. அது தவறு. கால்வலிமை இதற்குக் காப்பாகாது. வேகமாக உயரம் ஏறுவதே இடர். 3,000 மீட்டரைக் கடந்தபின், இரவு தங்கும் இடம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயராதிருத்தல் நன்று. தலைவலியோடு குமட்டலும் தோன்றினால் மேலே ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, அமர்ந்திருக்கையிலும் மூச்சுத் திணறினாலோ, மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருக்கக்கூடும். இரவேயாயினும் உடனே கீழே இறக்குதல் வேண்டும்.

கிரிவலம் தடைப்படுமே என அஞ்சி நோயை மறைப்போரும் உளர். கயிலை நாடிச் சென்ற அப்பர் பெருமானே உடல் தேய்ந்து வழியில் தளர்ந்தார் என்றும், இறைவன் அவரைத் திருப்பித் திருவையாற்றில் கயிலைக் காட்சி அருளினார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. உடன் கொண்டுசெல்லும் பிராணவாயு உருளை இறங்கும்வரை துணை நிற்குமேயன்றி, இறங்குவதற்கு ஈடாகாது.