இலையில் ஓட்டை விழட்டும்!

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி எது என்று கேட்டால், பொது அறிவுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ‘தமிழ் மறவன்’ என்று சட்டெனச் சொல்வார்கள். 2019இல் அரசு அறிவித்தது. அது மலைக்காடுகளில் வாழ்வது. சமவெளிப் பிள்ளைகள் பலர் அதை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். ஆனால், வகுப்பறைக்குப் பின்னாலேயே பார்க்கக்கூடிய பட்டாம்பூச்சிகள் பல உண்டு. அவற்றுக்கு இடம் கொடுக்கிறோமா?

பல பள்ளிகளில் தோட்டம் என்றால் குரோட்டன்ஸ் வரிசையும் புல்தரையும்தான். பார்க்க அழகு; பட்டாம்பூச்சிக்கு அங்கே பெரிதாகப் பயனில்லை. தேன் குடிக்கப் பூவைத் தேடுகிற பட்டாம்பூச்சி, முட்டையிட இலையைத் தேடுகிறது. அதன் புழு குறிப்பிட்ட சில செடிகளின் இலையை மட்டுமே தின்னும். எலுமிச்சையும் நாரத்தையும் இருந்தால் எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வரும். ஆவாரை, சரக்கொன்றையில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். எருக்கு, வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு.

எலுமிச்சை அழகியின் இளம்புழு பறவை எச்சம்போலத் தோன்றி எதிரியை ஏமாற்றும். வளர்ந்ததும் இலை நிறத்துக்கு மாறும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்புபோல ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பும். வெந்தய வரியனின் புழுவோ எருக்கின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கிறது. பறவைகள் அதை ஒதுக்கிவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் படமாக இருக்கும் வாழ்க்கைச் சுழற்சியை, முட்டை முதல் சிறகு வரை, ஒரே மாதத்துக்குள் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடலாம்.

இப்படியொரு தோட்டத்துக்குச் செலவு அதிகமில்லை. பட்டாம்பூச்சிகளோடு தேனீக்களும் வரத் தும்பையும் நொச்சியும் போதும். மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்களுக்காக ஒரு மூலையைச் சிமென்ட் பூசாமல் விடுங்கள். சத்துணவுத் தட்டு அலசும் தண்ணீரைச் செடிகளுக்குத் திருப்பிவிடலாம். பறவைகளுக்கு மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். கொசு முட்டையிடாதிருக்கத் தினமும் மாற்றுங்கள். எருக்கம்பால் கண்ணுக்குக் கேடு. அதனால் எருக்கை வேலியோரம் வைத்து, தொடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நம் மண்ணின் செடிகளை நடுங்கள். புழுவைக் கண்டதும் மருந்து அடிக்காதீர்கள். இலையில் ஓட்டை விழுந்தால் தோட்டம் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. அங்கே ஓர் உயிர் வளர்கிறது.