ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைக் குளிப்பாட்டாதீர்கள்

ஆயுத பூஜை முடிந்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சொட்டச் சொட்ட ஈரத்துணியால் துடைத்திருப்பார்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைக் கீபோர்டு மேலேயே பீய்ச்சியிருப்பார்கள். போதாக்குறைக்கு, குழைத்த சந்தனத்தைப் பட்டன்கள் மேலேயே வைத்திருப்பார்கள். கேட்டால், "சுத்தம்தானே சார் பண்ணினேன்?" என்பார்கள். கீபோர்டுக்குக் கீழேதான் மதர்போர்டும் பேட்டரியும் இருக்கின்றன. சந்து வழியாக நாலு சொட்டு இறங்கினாலே போதும்.

முதலில் ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். மூடி வைத்தால் ஆஃப் ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்தபடி சரித்துப் பிடித்து மெல்லத் தட்டினால் முறுக்குத் தூளும் முடியும் உதிரும். மிச்சத்தை உலர்ந்த, மிருதுவான பிரஷ்ஷால் தள்ளுங்கள். கம்ப்ரஸ்டு ஏர் டப்பாவை நிமிர்த்திப் பிடித்தே அடியுங்கள். கவிழ்த்தால் உள்ளிருக்கும் திரவம் சீறி வரும். பிசுக்குக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். மைக்ரோஃபைபர் துணியில் ஓரிரு சொட்டு விட்டுத் துடையுங்கள். துணியில்தான் விட வேண்டும், கீபோர்டில் அல்ல! ஆல்கஹால் தீப்பிடிக்கும், பூஜை விளக்குப் பக்கத்தில் வைத்துத் துடைக்காதீர்கள். பிளீச், அசிட்டோன் கூடவே கூடாது. பட்டன்களையும் நெம்பாதீர்கள். அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்தால், பல மாடல்களில் மேல்மூடியோடு சேர்த்தே மாற்றச் சொல்வார்கள்.

காபி கொட்டிவிட்டதா? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். ஹேர் டிரையர், அரிசி டப்பா வைத்தியமெல்லாம் வேண்டாம். வேலை செய்கிறதா என்று பார்க்க ஆன் செய்யாதீர்கள். மெக்கானிக் திறந்து பார்க்கும்வரை ஆன் செய்யவே செய்யாதீர்கள்.

சாதாரண வாரண்டியில் திரவச் சேதம் அடங்காது. அதற்கென்று தனியாகப் பணம் கட்டிய விபத்துப் பாதுகாப்புத் திட்டம் இருந்தால் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். ஆனால் தண்ணீரே படாத லேப்டாப்பையும் 'லிக்விட் டேமேஜ்' என்று வாய்வார்த்தையில் திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே, அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் சீரியல் எண், பழுது, லேப்டாப்பின் அப்போதைய நிலை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; சேதம் தெரியும் போட்டோவையும் கேளுங்கள். நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். தீர்ப்பு சொல்ல மாட்டார்கள்.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட், மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள்.

கடை பில்லின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். இன்றே போட்டோ எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.