எழும்பூர்க் கட்டுகளில் நாமக்கல்

நாமக்கல் பக்கத்து ஊர் ஒன்றின் பழைய கதையைத் தேடுகிறவர், அந்த ஊர் அப்போது எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். நாமக்கல் தாலுகா 1910-இல் சேலத்தை விட்டுத் திருச்சியோடு சேர்ந்தது; பிறகு சேலத்துக்கே திரும்பியது; 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. ஊரின் காகிதங்களும் அதற்கேற்ப மூன்று பெயர்களின் கீழே கிடக்கின்றன.

முன்பெல்லாம் இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே இடம் சென்னைதான். சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி விடியலில் சென்ட்ரலில் இறங்கி, எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். 1909-இல் எழுந்த சிவப்புக் கட்டடம் அது. கையில் கல்லூரி தந்த கடிதம். அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆவணக் கட்டு வந்ததும் பென்சிலால் வரிவரியாக நகல் எடுப்பார்கள்.

அந்தக் கட்டுகள் சொல்லும் கதை பழையது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதியோடு சேலம், நாமக்கல் சமவெளியும் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும், தாமஸ் மன்றோ உள்ளிட்ட அவருடைய உதவியாளர்களும் நிலத்தை வயல் வயலாக அளந்து தீர்வை வைத்தார்கள். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை வேர்விட்டது இங்கேதான். அந்தக் கடிதங்களும் அறிக்கைகளும் பின்னால் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று அச்சேறின.

இன்று ராசிபுரத்தில் படிக்கும் ஒரு பெண் லெ ஃபானு 1883-இல் எழுதிய சேலம் மாவட்டக் கையேட்டையும், ரிச்சர்ட்ஸின் 1918 கெசட்டியரையும் கைப்பேசியிலேயே படிக்கலாம். பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கும் வரலாறு எட்டியிருக்கிறது; இது மிகப் பெரிய நன்மை. ஆனால் அவை அதிகாரிகள் சுருக்கி எழுதிய நூல்கள். ஓர் ஊர்க்காரர் ஏரி மதகுக்காகப் போட்ட மனு, அதன்மேல் தாசில்தார் எழுதிய குறிப்பு, கலெக்டர் மறுத்த காரணம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது காப்பகத்தின் கட்டுக்குள்தான். நாம் தேடிய தாளுக்கு அடுத்த தாள்தான் பல நேரம் நமக்கு வேண்டியதாக இருக்கும். தேடுபெட்டியில் கேட்டது மட்டுமே வரும்.

ஆகவே ஆவணங்களைப் படமெடுக்கும்போது கட்டைக் கலைக்காமல், தாள்களை அதே வரிசையில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் இன்றைய மாவட்டத்தோடு பழைய மாவட்டத்தையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நாமக்கல் என்று தேடுகிறவருக்குத் திருச்சித் தொகுதியில் கிடக்கும் தன் ஊர் கண்ணில் படவே படாது.