'டாங்க்' என்னும் சொல்

ஒரு சொல் பல பொருள் குறித்தல் எம்மொழிக்கும் இயல்பே. ஆங்கிலத்தின் 'டாங்க்' அதற்குத் தக்க சான்றாகும். எண்ணெய்க் கலம், மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, மாடிமேல் நீர்த்தொட்டி, கவசப் போர்வண்டி யாவும் அதனுள் அடங்கும். போர்வண்டிக்கு அப்பெயர் வந்தது மறைவு கருதியே. நீர்த்தொட்டி செய்வதாகக் காட்டி ஆங்கிலேயர் அதனை ஆக்கினர்; 1916 செப்டம்பர் 15இல் சோம் போர்க்களத்தில் அது முதன்முதல் தோன்றிற்று.

நம் நாட்டு ஆங்கிலத்திலோ அச்சொல் குளத்தையும் குறிக்கும். குளத்தைத் தன் பெயரிலே கொண்ட கரிசலூராகிய குளத்தூரில் வாழும் யாம் இதனை எண்ணாதிருத்தல் கூடுமோ? ஊரார் உண்ணும் நீர் ஊருணி. வயலுக்குப் பாய்வது கண்மாய். வடபாலார் அதனை ஏரி என்பர். கோயிலை அடுத்தது தெப்பக்குளம். ஏந்தல், தாங்கல் என்பன நீரை ஏந்தித் தாங்கும் தொழிலாற் பெற்ற பெயர்கள். ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் இவை யாவும் ஒன்றல்ல.

'எருமையைக் கண்மாயிற் குளிப்பாட்டி, ஊருணியில் நீர் மொண்டு வந்தோம்' என்னும் தொடரை யாம் ஒருகால் ஆங்கிலமாக்கினோம். ஈரிடத்தும் 'டாங்க்' என்றே அமைந்தது. படிப்போர், எருமை குளித்த நீரையே யாம் பருகினோம் எனக் கொள்வரன்றோ! குடிநீர் ஊருணியிற் குளித்தலாகாது என்னும் ஊர்க்கட்டுப்பாடு அம்மொழிபெயர்ப்பில் மறைந்தொழிந்தது. பேரறிவாளன் செல்வத்திற்கு வள்ளுவர் உவமையாக்கியதும் ஊருணியையே; பிறிதொன்றையன்று.

வானம் பார்த்த இப்பூமியில் நீருக்கு முறை வகுத்தனர் நம் முன்னோர். அம்முறையே இப்பெயர்களாய் நிற்கின்றது. பெயர் மறப்பின் முறையும் மறக்கும். ஆதலின், மொழிபெயர்ப்போர் ஊருணியை ஊருணி என்றே எழுதி, அதன் பயனையும் உடன் விளக்குவாராக.