கழுநீர்ப் பானை இருந்த இடம்

இல்லறத்தார் வீட்டிலிருந்தபடியே சுற்றுச்சூழலைப் பேணுவதற்குப் பத்து எளிய பழக்கங்களை எழுதித் தரவேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, பத்தென்ன, இருபதே எழுதிவிடலாம் என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, அன்று மாலை காப்பிக்காகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பாத்திரம் துலக்கும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த ஆர்.ஓ. இயந்திரம் முனகிக்கொண்டே குடிநீரை நிரப்பிக்கொண்டிருக்க, அதன் அடியிலிருந்து இறங்கிய மெல்லிய வெள்ளைக் குழாய் வழியே இன்னொரு ஜலம் ஓசையில்லாமல் தொட்டித் துவாரத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் பத்தில் ஒன்பது மறந்துபோயிற்று.

மறுநாள் அந்தக் குழாயின் நுனியை இழுத்து ஒரு வாளிக்குள் விட்டேன். ஒரு குடம் குடிநீர் சேர்வதற்குள் வாளி இருமுறை நிரம்பிவிட்டது. சாதாரண வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் வரை கழித்துத் தள்ளுகின்றன. நால்வர் உள்ள குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவுமாக நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், கழிவது தினம் 25 லிட்டர், வருஷத்துக்கு 9,000 லிட்டர். அதாவது ஒரு லாரித் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, மின்சாரம் செலவழித்து மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து நேரே சாக்கடைக்குத் தானம் செய்கிறோம். அந்த ஜலம் அசுத்தமானதன்று, உப்பு மிகுந்தது, அவ்வளவுதான். தரை துடைக்கலாம், மிதியடி அலசலாம், கழிவறையில் ஊற்றலாம், பற்றுப் பாத்திரத்தை முதலில் ஊறவைக்கலாம். செடிக்கு ஊற்றுவதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். ஆழ்குழாய் நீரே உவர்ப்பாயிருக்கும் வீடுகளில் கழிந்து வருவது அதனினும் உவர்ப்பு. உற்சாகத்தில் நான் ஒரு மாதம் துளசித் தொட்டிக்கு ஊற்றிவந்து, இலை நுனிகளெல்லாம் கருகிய பிறகு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் மன்னார்குடியில் எங்கள் அப்பாயி வீட்டு அடுக்களைக் கதவோரம் இருந்த கழுநீர்ப் பானைதான் நினைவுக்கு வருகிறது. அரிசி களைந்த முதல் நீரும், காய்கறித் தோலும், வாழைப்பூ மடலும், வடித்த கஞ்சியில் வீட்டார் குடித்தது போக எஞ்சியதும் பகல் முழுதும் அந்தப் பானையில் விழுந்துகொண்டிருக்க, மாலை நாலு மணிக்குக் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு, "பெரியம்மா, கழனித்தண்ணி!" என்று குரல் கொடுத்தபடி மாடு வைத்திருந்த அம்மாள் ஒருத்தி வந்து, பானையைத் தன் குடத்தில் கவிழ்த்துக்கொண்டு போவாள், அதற்கு ஈடாக வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கூடை எரு வாழையடியில் வந்து விழும். சோப்புப் பட்ட தண்ணீர் சிறிது கலந்துவிட்டாலும் மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால், எந்த ஜலம் எதனோடு சேரலாம், எதனோடு சேரக்கூடாது என்பதற்கு அந்த வீட்டில் ஒரு சாஸ்திரமே இருந்தது. இரண்டாம் களைநீர் புளி ஊறவைக்க. கிணற்றடியில் குளித்த நீர் சிறு ஓடை வழியாக முதலில் வாழைக்கும், பிறகு சேம்புக்கும் போய், சோப்பு நுரையோடு மிஞ்சியது கடைசியில் கல்வாழைப் புதரில் அடங்கிவிடும். அப்பாயிக்கு இதனால் ஊரில் நற்பெயர் எதுவும் கிட்டவில்லை. கஞ்சத்தனம் என்றே மருமகள்கள் சொன்னார்கள், அவர்களுள் என் தாயாரும் ஒருவர்.

அடுக்குமாடியில் மாட்டுக்கு எங்கே போவது என்று கேட்டால், அதுவும் நியாயந்தான். ஆனால் கறிவேப்பிலைத் தொட்டிக்குக் களைநீர் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் கடைசியாக அலசி வெளியேற்றும் தெளிந்த நீரை ஒரு வாளியில் பிடித்து அடுத்த துணிக்கு ஊறப்போடுவதற்கும் கொல்லை வேண்டியதில்லை.

துணிப்பை, மக்கும் குப்பையைப் பிரித்து வைத்தல், எல்.இ.டி. விளக்கு முதலியவற்றை வாசகர்கள் நன்கறிவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரைந்துபோகும் அட்டைகளிலேயே அவை இருக்கின்றன. ஆலைகளும் வயல்களும் கொள்ளும் நீரின் முன்னால் வீட்டு வாளி எம்மாத்திரம் என்று சொல்வாரும் உளர், சொல்லட்டும். என் கவலை வேறிடத்தில், மொட்டைமாடியில் இருக்கிறது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆகவே 100 சதுர மீட்டர் மாடி ஒன்றின்மேல் விழுவது 1,40,000 லிட்டர். தெறித்ததும் ஆவியானதும், தூசும் காக்கை எச்சமும் கலந்ததென்று ஒதுக்கிவிட வேண்டிய முதல் மழையும் போக, ஒரு லட்சம் லிட்டராவது நிச்சயம் மிஞ்சும். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வகுத்திருக்கும் கணக்கை வைத்துப் பார்த்தால், நால்வர் உள்ள தனிவீட்டுக்கு அது ஆறு மாதத் தண்ணீர். (அடுக்குமாடியில் பலர் பங்கிட்டுக்கொள்ளும்போது பங்கு சுருங்கும் என்பது வாஸ்தவமே.) 2019 ஜூலையில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர், இருபத்தைந்து மாடிகளின் மழை. அந்த ரயிலைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஊரெல்லாம் அனுப்பிய நாம், 2003-இல் மழைநீர் சேகரிப்புச் சட்டத்துக்குப் பயந்து வெட்டிய மழைநீர்க் குழிகள் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்கத் தலையைக் குனிந்தோமில்லை.

சென்ற ஆவணியில் எங்கள் குடியிருப்பின் குழி மூடியைத் திறக்கச் செய்தேன். கடப்பாரையை வைத்து நெம்பிய பிளம்பர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதுல தண்ணி எறங்கிப் பல வருஷம் ஆயிருக்கும்" என்றார். மேலே இரண்டு சாண் உயரத்துக்குக் கறுத்த வண்டல். அதில் ஒரு ஷட்டில் பந்து, பால் உறைகள், வேப்பங்கொட்டையிலிருந்து முளைத்து வெளிச்சமின்றி வெளுத்துப்போன ஒரு கன்று. அதன் கீழே மணலும் ஜல்லியும் ஒன்றோடொன்று இறுகிச் சிமெண்டுத் தரைபோல் ஆகியிருந்தன. இவ்வளவும் போதாதென்று, மாடியிலிருந்து இறங்கும் குழாயை யாரோ எப்போதோ வர்ணம் பூசும் சமயத்தில் திருப்பித் தெருச் சாக்கடையில் சேர்த்துவிட்டிருந்தார்கள். கார் நிறுத்தும் இடம் வழவழப்பாக இருக்கவேண்டுமென்று குழி மூடியின்மேலும் ஓடு பதித்துவிடலாம் என்று இரு வீட்டார் பிரேரணை கொண்டுவந்திருப்பதும் அன்றுதான் தெரிந்தது.

வண்டலை அள்ளினோம். ஜல்லியைத் தூக்கி எறிய வேண்டாம், கழுவித் திரும்பப் போட்டால் போதும் என்றார் பிளம்பர். கழுவுவதற்கு மோட்டார் போடுவதா என்ற பேச்சு எழுந்தபோது, மூன்றாம் மாடி அம்மாள் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், ஆர்.ஓ. கழிவு நீர் நிறைந்த வாளி ஒன்றைத் தூக்கி வந்தார்; நான் என் வாளியைக் கொண்டுவந்தேன்; மாலைக்குள் ஜல்லி முழுவதும் கழுவி முடிந்தது. மாடிக் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்துக் குழியோடு இணைக்கும் வேலை மட்டும் பாக்கி. ஆயுத பூஜை கழித்து வருவதாகப் பிளம்பர் சொல்லியிருக்கிறார். அதுவரை மழை பொறுக்குமா என்பதை யாரிடம் கேட்பது?